முதுமையா, இழுவிசையா? நாயின் மைட்ரல் வால்வுச் சிதைவு குறித்து

நாய்களுக்கு வரும் இதய நோய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு மைட்ரல் வால்வின் சிதைவுதான். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள இந்த வால்வின் இரண்டு இதழ்களும் பல ஆண்டுகளில் மெல்லத் தடித்து, ஓரம் சுருண்டு, மேலறைப் பக்கம் பிதுங்கி, மூடும்போது ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது, மேலறை விரிகிறது, முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கிறது. 20 கிலோவுக்கு உட்பட்ட சிற்றினங்களில், அதுவும் வயது ஏற ஏற, இது மிகுதியாகக் காணப்படுவதால் பாடநூல்கள் இதை முதுமை நோய்களின் வரிசையில் சேர்த்துவிட்டு நகர்கின்றன. சிதைவின் தீவிரத்தை நான்கு படிகளாக வகுத்து வயதோடு ஒப்பிட்ட ஜே. சி. விட்னியின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை தொடங்கி இந்தத் தொடர்பு பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் வயதோடு வருவது வேறு, வயதால் வருவது வேறு. இந்த நோயில் வயது தருவது கால அவகாசம் மட்டுமே என்பது என் வாதம். நோயைத் தொடங்கி வைப்பது, இழுவிசையைத் தாங்குவதில் பிறவியிலேயே உள்ள குறை. அதை வளர்ப்பது, பழுதுபார்க்க முனைந்து மேலும் பழுதாக்கும் செல்களின் சுழல்.

இதழின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். கீழறைப் பக்கம் இறுக்கமாக அடுக்கிய கொலாஜன் நார்ப்படலம், நடுவில் புரோட்டியோகிளைக்கான் நிறைந்த பஞ்சுப்படலம், மேலறைப் பக்கம் மீள்நார் கலந்த மெல்லிய படலம் என அது அடுக்கடுக்கானது. சுமையைத் தாங்குவது நார்ப்படலம். அதைப் பராமரிப்பவை படலங்களுக்குள் சிதறிக் கிடக்கும் இடையீட்டுச் செல்கள். நலமான வால்வில் இவை அடங்கியே இருக்கும். நோயுற்ற வால்வில் இவை மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறி, ஆல்பா மென்தசை ஆக்டினை உருவாக்குகின்றன. கொலாஜனை அரிக்கும் மெட்டலோபுரோட்டினேஸ்களையும் கெத்தெப்சின்-கேயையும் சுரக்கின்றன. மறுபுறம் நீரை ஈர்க்கும் கிளைக்கோசமினோகிளைக்கான்களைக் குவிக்கின்றன. பஞ்சுப்படலம் உப்பி நார்ப்படலத்துக்குள் ஊடுருவ, இதழ் பருக்கிறது, ஆனால் வலுவிழக்கிறது. தடித்தது உறுதியானது என்று கண் நம்பும் இடத்தில் திசு நேர்மாறாக நடந்துகொள்கிறது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்த மாற்றம் இதழ் முழுவதும் ஒரே சீராகத் தொடங்குவதில்லை. இரண்டு இதழ்களும் மோதிக்கொள்ளும் ஓரத்திலும், இதழைக் கீழறைத் தசையோடு பிணைக்கும் நாண்கள் வந்து பிடிக்கும் இடங்களிலும்தான் முதல் முடிச்சுகள் தோன்றுகின்றன. வால்வுகளுக்கு இடையிலும் இதே ஒழுங்கு உண்டு: மிகுந்த அழுத்தத்தை எதிர்த்து மூடும் மைட்ரல் முதலிடம், வலப்பக்க டிரைகஸ்பிட் அதற்கு அடுத்து. முதுமை எல்லா வால்வுக்கும் ஒரே அளவில்தான் கூடுகிறது. சிதைவு மட்டும் விசையின் வரைபடத்தைப் பின்பற்றுகிறது.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான கருத்து செரட்டோனின் சார்ந்தது. செரட்டோனினைச் சுரக்கும் கார்சினாய்டு கட்டிகள் மனிதரில் வால்வைக் கெடுக்கின்றன. செரட்டோனினுக்கான 5-எச்டி2பி ஏற்பியைத் தூண்டும் மருந்துகளான ஃபென்ஃப்ளூரமின் 1997இலும், பெர்கோலைடு 2007இலும் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதற்குக் காரணமும் வால்வு நோயே. நோய்க்கு ஆளாகும் நாய்களின் சீரத்தில் செரட்டோனின் கூடுதலாக இருந்ததாகவும் ஆய்வு உண்டு. அப்படியானால் தொடக்கம் ஒரு வேதி சமிக்ஞை அல்லவா? மூன்று காரணங்களால் நான் இதை ஏற்கவில்லை. கார்சினாய்டிலும் மருந்துகளாலும் வரும் சேதத்தில் இதழின் மேல் நார்ப்பூச்சு படிந்து அது விறைக்கிறது; உள்ளமைப்பு பெரும்பாலும் குலைவதில்லை. நாயில் நிகழ்வது அதற்கு எதிர்: உள்ளமைப்பு குலைந்து இதழ் தளர்கிறது. இரண்டாவது, சீரத்துச் செரட்டோனின் இரத்தத் தட்டுகளிலிருந்து வருகிறது. இந்த நோய்க்குப் பேர்போன கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனத்திலோ, பீட்டா-1 டியூபுலின் மரபணுத் திரிபால் தட்டுகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருப்பது பரவலாக உள்ளது. அந்த இனத்தின் சீர அளவை வால்வு நோயின் தடயமாகப் படிப்பதில் எச்சரிக்கை தேவை. மூன்றாவதே முக்கியமானது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் ஆர்ட்டன் குழுவினர் நாயின் மைட்ரல் இதழ்களை ஆய்வகத்தில் இழுவிசைக்கு உட்படுத்தியபோது, செரட்டோனின் உற்பத்திக்கான டிரிப்டோஃபேன் ஹைட்ராக்சிலேஸ்-1 நொதி இதழிலேயே மிகுந்தது. நோயின் புரதங்களும் கூடவே எழுந்தன. செரட்டோனின் வெளியிலிருந்து வந்த எதிரியல்ல. இழுபட்ட திசு தனக்குத்தானே எழுப்பும் குரல். செல்களைத் தூண்டும் இன்னொரு சமிக்ஞைப் புரதமான டிஜிஎஃப்-பீட்டாவும் அப்படியே. ஃபைப்ரிலின்-1 குறைபாடுள்ள எலிகளில் டிஜிஎஃப்-பீட்டாவை எதிர்ப்புரதத்தால் அடக்கியபோது வால்வு தேறியதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் சமிக்ஞை நோயை வளர்க்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அங்கும் முதல் பிழை திசுவின் கட்டுமானப் புரதத்தில்தான் இருந்தது.

இயக்கவியல் வாதத்தின் மேல் எழும் ஒரு மறுப்புக்கு நானே இடம் கொடுக்க வேண்டும். விசைதான் காரணம் என்றால் பெரிய நாய்களே முதலில் நோயுற வேண்டும். கீழறை பெரிதாக ஆக, அதே அழுத்தத்தில் இதழின் மேல் விழும் இழுவிசையும் பெருகும் என்பது இயற்பியல். நடப்பது தலைகீழ். பெரிய நாய்கள் குறைந்த ஆயுளால் தப்புகின்றன என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. கவாலியர்களில் ஏறத்தாழ பாதிக்கு 5 வயதுக்குள் இதய முணுமுணுப்பு கேட்கத் தொடங்குகிறது. அந்த வயதுக்கு எத்தனையோ பெரிய நாய்கள் நலமான வால்வோடு வந்து சேர்கின்றன. ஆக, விசை எல்லா நாய்க்கும் பொது. அதைத் தாங்கும் வரம்பு மட்டும் இனத்துக்கு இனம் வேறு. கவாலியரின் வரலாறு இங்கே உதவும். 1926இல் க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் பழைய ஓவியங்களில் உள்ளது போன்ற நீள்மூக்கு ஸ்பானியலுக்கு அமெரிக்கரான ராஸ்வெல் எல்ட்ரிஜ் பரிசு அறிவித்தார். அதையொட்டி ஒரு சில நாய்களிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட இனம் இது. 2011இல் 13, 14ஆம் குரோமோசோம்களில் நோய்க்குரிய பகுதிகள் சுட்டப்பட்டன. வேறொரு மரபணு ஆய்வில் அவை உறுதிப்படவில்லை. இதை மரபுக் காரணத்துக்கு எதிரான சான்றாக எடுப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஒரு திரிபு இனம் முழுவதிலும் நிலைத்துவிட்டால், நோயுற்றதையும் நோயற்றதையும் ஒப்பிடும் முறைக்கு அது தென்படாது. எட்டு இனங்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வு, தீங்கான திரிபுகள் கவாலியரில்தான் மிகுதி என்று கண்டது. நெபுலெட் புரதத்துக்கான மரபணுவையும் சந்தேகத்துக்குரியதாகச் சுட்டியது. நெபுலெட் இதயத் தசையின் சுருங்கு இழைகளில் இருப்பது. குறை இதழில் மட்டுமல்ல, நாண்களின் வழியே இதழை இழுத்துப் பிடிக்கும் தசையிலும் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது வழிவிடுகிறது.

செல் முதுமை பற்றிய சான்று என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நோயுற்ற வால்வுகளின் செல்களில் முதுமைக் குறியீடுகள் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் டிஜிஎஃப்-பீட்டாவால் தூண்டப்படும் செல்களே பிஐ3கே–எம்டிஓஆர் பாதை வழியாக அந்நிலைக்குச் செல்கின்றன. செல்லின் முதுமை இங்கே நாட்காட்டியின் முதுமை அல்ல, ஓயாத தூண்டலின் விளைவு. மடிய மறுக்கும் அச்செல்கள் சுழலை மேலும் இறுக்குகின்றன என்பதை மறுக்கவில்லை. சுழலைத் தொடங்கியவை அவையல்ல.

இந்த வேறுபாடு வெறும் சொற்போர் அல்ல. முதுமை நோய் என்று கொண்டால் செய்யக்கூடியது தாமதப்படுத்துவது ஒன்றே. பிமோபெண்டன் அதைத் திறம்படச் செய்கிறது: 2016இல் வெளியான எபிக் ஆய்வில், இதயம் விரிந்தும் அறிகுறி தோன்றாத நாய்களில் அது இதயச் செயலிழப்பைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போட்டது. ஆனால் அது தசைக்கும் இரத்தக் குழாய்க்கும் உதவும் மருந்து, இதழைத் தொடுவதில்லை. டென்மார்க்கில் 2002இல் கவாலியர்களுக்கு இதயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய இனப்பெருக்கத் திட்டம் வேறு வழியில் சென்றது. அதில் பிறந்த நாய்களுக்கு நோயின் ஆபத்து 73 விழுக்காடு குறைந்ததாக 2016இல் கணக்கிட்டார்கள். நாயின் வயதில் யாரும் கை வைக்கவில்லை. மாறியது பெற்றோர் மட்டுமே.

சுழலைப் பற்றிய என் கூற்றின் மறுபாதியைச் சோதிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஜப்பானில் மசாமி உயெச்சி முன்னெடுத்த அறுவை முறையில், அறுந்த அல்லது நீண்ட நாண்களுக்குப் பதில் செயற்கை நாண்கள் தைக்கப்பட்டு வால்வின் வளையம் இறுக்கப்படுகிறது. இதழ் அப்படியே விடப்படுகிறது. மரபணு அதே, வயதோ கூடிக்கொண்டே போகிறது, இழுவிசை மட்டும் சீராகிறது. இவ்வாறு பிழைத்த நாய்கள் பல ஆண்டு கழித்து வேறு காரணங்களால் இறக்கும்போது, உரிமையாளரின் ஒப்புதலோடு அவற்றின் இதழ்களை எடுத்து ஆக்டின், டிரிப்டோஃபேன் ஹைட்ராக்சிலேஸ், டிஜிஎஃப்-பீட்டா ஆகியவற்றுக்குச் சாயமேற்றிப் பார்க்கலாம். இடையீட்டுச் செல்கள் அடங்கியிருந்தால் இழுவிசையே சுழலை ஓட்டியது என்றாகும். அவை முன்போலவே கிளர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி விழுந்துவிடும்.