பிழையா, பிழைப்பா?

சம்பளப் பட்டியல் போடும் இருக்கையில் நான் இருந்த காலம். பணியிடை நீக்கத்தில் இருந்த உதவியாளர் ஒருவர் மாதக் கடைசியில் வருவார். படியேற மாட்டார், வாசல் வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பார். கையில் நாலாக மடித்த தாள். ‘இம்மாதம் வேறு வேலையிலோ, தொழிலிலோ, வணிகத்திலோ ஈடுபடவில்லை’ என்று தன் கையால் எழுதிய சான்று. அது இல்லாமல் அவருக்குப் பட்டியல் போட முடியாது. ஒருமுறை கூடவே அவருடைய அம்மாவும் வந்திருந்தார். நான் கொடுத்த ஆணை நகலை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: “பிழைக்கு ஊதியமாய்யா இது? எம் புள்ள தப்புப் பண்ணான்னு இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லலியே?”

ஆணையில் இருந்த சொல் ‘பிழைப்பூதியம்’, இடைநீக்கக் காலத்தில் கொடுக்கும் படி.

இலக்கணம் அந்த அம்மா பக்கம் இல்லை. பிழையும் ஊதியமும் சேர்ந்தால் யகரம் வந்து ‘பிழையூதியம்’ ஆகும். இதுவோ பிழைப்பு + ஊதியம். உகரம் கெட்டுப் பிழைப்பூதியம். ஆனால் வேருக்குப் போனால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பிழைத்தல் என்றால் தவறுதல். பிழைத்தல் என்றால் உயிரோடு மீளுதல். அம்பு குறி பிழைத்தால் வேடனுக்கு அது தவறு, மானுக்கு அதுவே உயிர். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கமும் நின்று பார்த்த சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘தப்பு’ம் இதே மாதிரிதான்: தப்புச் செய்தான், உயிர் தப்பினான். மலையாளத்தில் ‘பிழ’ அபராதமாகவும் ஆகிவிட்டது. தமிழில் இன்னொரு கிளை வயிற்றுப்பாட்டின் பக்கம் வளர்ந்தது. காய்ச்சல்காரர் பிழைத்துக்கொண்டார், ஊர் பஞ்சம் பிழைக்கப் போனது, கடைசியில் ‘ஏதோ பொழப்பு ஓடுது’. பழைய வழக்கில் பிழைப்பு என்ற பெயர்ச்சொல்லுக்கே தவறு என்ற பொருளும் உண்டு. ஆக, நடுவில் நிற்கும் ‘ப்பு’கூட முழுக் காவல் இல்லை.

சிலப்பதிகாரம் ‘பிழைத்தோர்’ என்று சொல்வது குற்றம் சாட்டப்பட்டவனை அல்ல, அரசியலில் தவறியவரை. தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் கதை அது. விசாரணை முடியாத ஒருவரைப் பற்றிய ஆணையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஊதியம் என்ற சொல்லும் இடம் மாறி வந்ததுதான். திருக்குறளில் அது சம்பளம் அல்ல, இலாபம், ஆதாயம். மாதக் கூலிக்கு அது பெயரானது பின்னால். பழைய பொருளிலேயே சேர்த்துப் படித்தால், உயிர் பிழைத்துக் கிடப்பதே ஆதாயம் என்றாகிறது பிழைப்பூதியம்.

பேச்சில் யாரும் ‘பணியிடை நீக்கம்’ என்பதில்லை, ‘சஸ்பென்ஷன்’தான். அதன் லத்தீன் மூலத்துக்குத் தொங்கவிடுதல் என்று பொருள். அதுதான் உண்மையான நிலையும். நீக்கம் என்று நாம் எழுதினாலும் அவர் நீக்கப்படவில்லை, அரசு ஊழியராகவே இருக்கிறார். சட்டத்தின் கண்ணில் இது தண்டனையும் அல்ல. குற்ற வழக்கில் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே இடைநீக்கம் ஆனதாகக் கொள்ளப்படும். மத்திய அரசின் அடிப்படை விதி 53 பிழைப்பூதியத் தொகையை அளக்கும் விதம் கவனிக்கத் தக்கது: அவர் அரைச் சம்பள விடுப்பில் இருந்தால் என்ன கிடைக்குமோ அது, அதற்குரிய அகவிலைப்படியோடு. முதல் மூன்று மாதம் கழிந்தபின், தாமதம் அவரால் இல்லையென்றால் அந்தத் தொகையில் பாதிவரை கூட்டலாம். அவரால் என்றால் பாதிவரை குறைக்கலாம். கேட்காத விடுப்பு, அதற்கு அரைச் சம்பளம், வேறு பிழைப்புக்கும் தடை.

பிழைக்க முடியாத தொகைக்கும் இந்தப் பெயரை வைத்ததுண்டு. தண்டனை பெற்று மேல்முறையீடு நிலுவையில் உள்ளவருக்கு மாதம் 1 ரூபாய் என்றது பம்பாய் அரசுப் பணி விதி ஒன்று. 1983-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1987-இல், பல்லாண்டு இடைநீக்கத்தில் கிடந்த ஊழியர் ஒருவரின் வழக்கில், அதே நீதிமன்றம் ஆங்கில அகராதியைப் பிரித்து இந்தப் படியின் ஆங்கிலப் பெயருக்குப் பொருள் தேடியது. உணவு உண்டு உயிரோடிருப்பது என்று கிடைத்தது. நீதிபதிகள் செய்த சொல்லாராய்ச்சி அது.

கோலார் தங்கவயல் வழக்கு இன்னும் கூர்மையானது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் சுரங்கத்தில் இறங்கிய ஊர். அங்கே பொதுத்துறை நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வீட்டில் 1985-இல் சோதனை நடந்தது. தங்கம் எடுத்ததாகக் குற்றச்சாட்டு, இடைநீக்கம். அவர் கேரளத்தில் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பிழைப்பூதியம் வரவில்லை. கையில் காசில்லாமல் விசாரணைக்கு வர முடியாதவரை, அவர் இல்லாமலே விசாரித்து வேலையை விட்டு அனுப்பினார்கள். குற்ற வழக்கிலோ அவர் விடுதலையானார். 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையை ரத்து செய்தது.

இந்தச் சொல்லை மாற்ற வேண்டும், வாழ்வூதியம் என்று வைக்கலாம் என்பார்கள். எனக்குச் சம்மதமில்லை. வாழ்வு பெரிய சொல். அரைச் சம்பளத்தை அது மூடி மறைத்துவிடும். ‘பொழப்பு’ என்று சொல்லும்போதே அரிசி, வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் கண்ணில் வந்து நிற்கின்றன.

அந்த அம்மாவிடம் அன்று “இது பொழப்புக்கு உண்டான காசும்மா” என்று சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அந்த மாதப் பட்டியல் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தது. உதவியாளர் கையில் பணம் போய்ச் சேர்ந்தபோது மறுமாதம் பதினெட்டாம் தேதி.