முப்பத்தைந்து வயதும் ஓர் இறப்புச் சான்றிதழும்

2017 செப்டம்பர் 9 அன்று, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து ராணுவ அதிகாரிகளானவர்களில் இரண்டு பெண்களைப் பற்றி நாளிதழ்கள் தனியாக எழுதின. ஒருவர் சுவாதி மகாதிக். 2015 நவம்பரில் காஷ்மீரின் குப்வாராவில் நடந்த மோதலில் இறந்த கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி. இரண்டு குழந்தைகளின் தாய். மற்றவர் நிதி துபே. அவருடைய கணவர் நாயக் பதவியில் இருந்தபோது 2009இல் மாரடைப்பால் இறந்தார். அப்போது நிதி கருவுற்றிருந்தார்.

கணவரின் கனவை நிறைவேற்றிய மனைவி என்பதுதான் அன்றைய செய்திகள் பலவற்றின் சாரம். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது நமக்கு வேறொரு கேள்வி எழ வேண்டும். பட்டம் முடித்த கையோடு வரும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகளுக்கான மைதானம் அது. குழந்தை பெற்று, வேலை பார்த்து, ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்த பெண் அங்கே எப்படி வந்தார்? யார், எந்த நிபந்தனையில் கதவைத் திறந்தார்கள்?

பொது வாசலில் எழுதியிருப்பது தெளிவானது. ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதி இந்த அகாடமிக்கு வர விரும்பும் பெண் 19 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். திருமணமாகாதவராக இருக்க வேண்டும். விதவையும் மணமுறிவு பெற்றவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் குழந்தை இருக்கக்கூடாது, மறுமணம் செய்திருக்கக்கூடாது. இதற்குப் பக்கத்திலேயே ஒரு சிறு வாசல் உண்டு. பணியில் இருக்கும்போது இறந்த படைவீரரின் மனைவி என்றால் வயது வரம்பு 35. சுவாதி அதையும் தாண்டியிருந்தார். அவருக்காகச் சிறப்புத் தளர்வு தரப்பட்டது.

அதாவது முப்பத்து நான்கு வயதுப் பெண்ணின் கால்கள் ஓடும், கைகள் கயிறு ஏறும் என்பது ராணுவத்துக்குத் தெரியாத ரகசியம் அல்ல. தெரிந்ததால்தான் அந்தச் சிறு வாசல் இருக்கிறது. அதே வயதில், அதே உடல் வலிமையுடன் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு அது திறக்காது. அவளிடம் இல்லாதது கணவனின் இறப்புச் சான்றிதழ் மட்டுமே.

இந்த விதிகளைப் படிக்கையில் 1943இன் சிங்கப்பூர் நினைவுக்கு வருகிறது. இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். துப்பாக்கி சுடவும், மூட்டை சுமந்து நெடுந்தூரம் நடக்கவும் அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் பயிற்சி முகாம் திறந்தபோது அதற்குத் தலைமை ஏற்ற சென்னை மருத்துவர் லட்சுமி சுவாமிநாதனுக்கு 29 வயது நிறைய இரண்டே நாள்கள் இருந்தன. முதல் திருமணத்தை விட்டு விலகி வந்தவர் அவர். இன்றைய பொது வாசலில் அவர் வந்து நின்றால் வயதைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சுதந்திர இந்தியா அந்தப் படையின் வழியைத் தொடரவில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மத்திய அரசு அறிவிக்கை மூலம் அனுமதிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்கள் சேர முடியாது என்றது. பெண்கள் முன்பிருந்தே பணியாற்றிவந்த செவிலியர் பிரிவிலும் திருமணம் ஒரு குற்றம்போல் நடத்தப்பட்டது. செலினா ஜான் என்ற ராணுவச் செவிலியர் 1988இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். காரணம், திருமணம் செய்துகொண்டார். அதற்கு வழிசெய்த விதி 1995இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஆண்டு 2024.

1992இல்தான் அரசு சில பிரிவுகளில் பெண் அதிகாரிகளை அனுமதித்தது. பரங்கிமலையில் பயிற்சி பெற்ற முதல் அணியின் 25 பெண்கள் 1993 மார்ச்சில் அதிகாரிகளானார்கள். ஐந்தாண்டுப் பணி என்ற கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். பின்னர் அது பத்தாகி, பதினான்காக நீண்டது. எப்படியும் இளமை முடிவதற்குள் அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் அந்தக் கணக்கிலேயே இருந்தது.

பயிற்சி இப்போது 49 வாரம். விடியுமுன் எழுவது, ஓட்டம், கயிறேற்றம், அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி, வகுப்பு. முழுக்க விடுதி வாழ்க்கை. பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள முடியாது. முப்பதைக் கடந்து வரும் பெண் முதலில் சந்திப்பது மூட்டுவலியை மட்டுமல்ல. தன்னைவிடப் பத்து வயது இளைய சீனியரின் கட்டளைக்கு அவள் விறைத்து நிற்க வேண்டும். கர்னலின் மனைவியாக இருந்தவரை வீரர்கள் ‘மேம்சாப்’ என்று மரியாதையாக அழைத்திருப்பார்கள். அந்த மரியாதை கணவரின் தோளில் இருந்த நட்சத்திரங்களுக்கு உரியது. அகாடமிக்குள் நுழைந்த நாளில் அது கழன்றுவிடுகிறது; எல்லாரையும்போல் அவளும் ஒரு கேடட். இரவல் மரியாதையை விட்டுவிட்டுச் சொந்த மரியாதையை அடியிலிருந்து சம்பாதிக்கும் இந்தப் பகுதியைக் ‘கணவரின் கனவு’ என்ற செய்தி மறைத்துவிடுகிறது.

நிதி துபேயைப் போன்றவர்கள் கடக்கும் தூரம் இன்னும் அதிகம். 2014இல் அதிகாரியான பிரியா செம்வாலின் கணவரும் நாயக் பதவியில் இருந்தவர். ராணுவக் குடியிருப்பில் அதிகாரி குடும்பமும் சிப்பாய் குடும்பமும் வேறு வேறு உலகங்கள். ஒரு சிப்பாயின் மனைவி அதிகாரியாவது அந்தச் சுவரை உடைப்பதுதான். ஆனால் அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும், தேர்வு வாரியத்தின் நேர்காணல் நாள்களைத் தாண்ட வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பதினெட்டு, பத்தொன்பதில் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு இவை எங்கிருந்து கிடைக்கும்? நாம் கைதட்டும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், விண்ணப்பப் படிவம்வரைகூட வர முடியாத பெண்கள் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட பெண்களை அரசு எப்படிப் பார்த்தது என்பதற்கும் சான்று உண்டு. வீரதீர விருது பெற்ற படைவீரர் இறந்தால் விருதுக்கான உதவித்தொகை அவர் மனைவிக்குத் தொடரும். மறுமணம் செய்தால் நின்றுவிடும். 1995இல் இதற்கு ஒரு விலக்கு தந்தார்கள்: இறந்தவரின் சகோதரனை மணந்தால் தொகை தொடரும்! கொழுந்தனைக் கட்டிக்கொள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஓர் அமைச்சகம் விதியாக எழுதி வைத்திருந்தது. 2017 நவம்பரில்தான் இந்த நிபந்தனை நீக்கப்பட்டது. சுவாதியும் நிதியும் நட்சத்திரம் அணிந்து இரண்டு மாதங்கள் கழித்து.

வயது என்ற அளவுகோல் வாசலோடு நின்றுவிடவில்லை. உள்ளே இருந்த பெண்களையும் அது துரத்தியது. நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் நடத்திய நீண்ட வழக்கில் 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ராணுவம் வைத்த தகுதிச் சோதனையில் ‘ஷேப்-1’ என்ற முழு உடல்தகுதி கேட்கப்பட்டது. ஆண் அதிகாரிகள் இதே தகுதியைக் காட்டியது பணியில் சேர்ந்த ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில், முப்பதை ஒட்டிய வயதில். பிறகு உடல் தளர்ந்தாலும் அவர்கள் வேலை போகவில்லை. பெண்களுக்கு அந்த வயதில் வாய்ப்பே தரப்படவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு அழைத்து, இளைஞனின் உடலைக் காட்டு என்றார்கள். ஒரு வகையில் இருபது வருடம் கழித்து மீண்டும் பரங்கிமலை மைதானத்தில் நிறுத்தியதைப் போலத்தான்.

2021 மார்ச் 25 அன்று நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் ஒரே விதி என்று தோன்றுவது, முந்தைய அநீதியின் மேல் நிற்கும்போது அதுவே புதிய அநீதியாகிவிடுகிறது என்பதை அந்தத் தீர்ப்பு விளக்கியது. பெண்களின் உடல்தகுதியை அவர்களுடைய பணியின் ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டு நிலையை வைத்தே பார்க்க வேண்டும் என்றது. நிரந்தரப் பணி கிடைக்கப்போவதில்லை என்ற நினைப்பில் அவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள் அக்கறையின்றி எழுதப்பட்டிருந்ததையும் அது சுட்டிக்காட்டியது. வங்கி, பள்ளி, பல்கலைக்கழகம் என்று எங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இது பழகிய கதைதான். வாய்ப்பை மறுத்த காலத்தையே பிறகு வயதாகிவிட்டது என்று நம் பெயரில் எழுதுவார்கள்.

ராணுவத்தில் சேர்வதுதான் விடுதலையா என்று கேட்கும் தோழிகள் உண்டு. நியாயமான கேள்வி. பரங்கிமலை அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு, 1987இல் இலங்கையில் அமைதிப்படையில் இறந்த மேஜர் பரமேஸ்வரனின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படை அங்கே என்ன செய்தது என்பதைத் தமிழ்ப் பெண்கள் மறக்க முடியாது. போரை நான் கொண்டாடவில்லை. ஆனால் போர் நடக்கும்போதெல்லாம் அதன் செலவில் ஒரு பங்கைப் பெண்கள் கட்டிவிடுகிறார்கள், சீருடை போட்டாலும் போடாவிட்டாலும். செலவைக் கட்டியவளுக்குச் சம்பளமும் பதவியும் முடிவெடுக்கும் இடமும் வேண்டும் என்பது போரை ஆதரிப்பதாகாது.

பயிற்சி முடித்த கேடட்டின் தோளில் நட்சத்திரங்களைக் குத்திவிடுவது பெரும்பாலும் பெற்றோர்கள். சுவாதியைப் போன்றவர்கள் வரும்போது சுற்றி நிற்பவர்களில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அம்மா ஓடிப் பயிற்சி எடுத்துத் தேறினாள் என்பதை அந்தப் பிள்ளைகள் அறிவார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அம்மாவை இந்த மைதானத்துக்குள் விட்டிருக்கமாட்டார்கள் என்பதும் ஒருநாள் அவர்களுக்குத் தெரியவரும். அன்று அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் இன்னும் பதில் எழுதப்படவில்லை.