கலமசூவின் பழைய வார்னிஷ்

பழைய கிப்சன் மாண்டலின் எது என் மேசைக்கு வந்தாலும் கண் முதலில் போவது அதன் வெள்ளை ஓரப்பட்டைக்குத்தான். அது பிறந்தபோது பூசிய பூச்சா, பிறகு யாரோ உரித்துப் புதிதாக அடித்ததா என்பதை ஓரம்தான் முதலில் சொல்லும்.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1902-இல் தொடங்கிய நிறுவனம் கிப்சன். 1922 முதல் 1924 வரை நிறுவனத்தின் ஒலியியல் பொறியாளர் லாயிட் லோர் கையெழுத்திட்ட லேபிளோடு அங்கிருந்து வந்த எஃப்-5 மாண்டலின்களை இன்று உலகமே தேடுகிறது. நடுவில் பொன்னிறம், ஓரம் போகப்போகக் கரும்பழுப்பு. அந்த நிறத்துக்கு வயலின்களின் ஊரான கிரிமோனாவின் பெயரையே வைத்தார்கள். சாயத்தைக் கையால் தேய்த்து ஏற்றி, மேலே வார்னிஷ் பூசி, அரக்குப் பாலிஷால் மெருகேற்றினார்கள். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது என்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

சாயம் ஏற்றும்போது ஓரப்பட்டையும் கறைபடும். தொழிலாளி அதைத் தகட்டால் சுரண்டி மறுபடி வெள்ளையாக்குவார். அதனால் நிறம் முடியும் கோடு இலேசாக நெளியும். சில இடங்களில் தகடு வழுக்கிய தடமும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாண்டலினில் இந்தக் கூர்மை மழுங்கிவிடும். மாண்டலின் உடலில் உள்ள சுருளின் மடிப்பில் அடர்த்தியாகத் தேங்கிய பூச்சும் அப்படித்தான், தேய்த்தவன் கையை மறைக்க விடாது.

1920-களின் நடுவில் ஆலை நைட்ரோசெல்லுலோஸ் லேக்கருக்கு மாறியது. ஆகவே 1923-இன் மாண்டலினில் எஃப் வடிவத் துளையின் உள்விளிம்பில் லேக்கர் தூவல் படிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். புற ஊதா விளக்கில் பழைய அரக்கு ஆரஞ்சாக ஒளிரும். இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அசல் வார்னிஷின் மேல் பின்னால் யாராவது அரக்குப் பாலிஷ் போட்டிருந்தாலும், உரித்த மரத்தில் புதிதாக அரக்கு ஏற்றியிருந்தாலும் விளக்கு காட்டுவது அதே ஆரஞ்சுதான். பள்ளங்களையும் பார்க்க வேண்டும்: அடிபட்ட இடத்தில் பூச்சு நொறுங்கியிருந்தால் பூச்சு முந்தியது, அடி பிந்தியது. பள்ளத்துக்குள்ளும் வழவழவென்று படர்ந்திருந்தால் கதை தலைகீழ்.

மறுபூச்சு என்றாலே மோசடி என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பழமைக்கு விலை வராத காலத்தில் மாண்டலின் ஒரு தொழில் கருவி. பழுதுபார்க்க ஆலைக்கே அனுப்பி, புது மெருகும் போட்டு வாங்கிக்கொள்வது அக்கறையான சொந்தக்காரர் செய்கிற காரியம். புளூகிராஸ் இசையின் தந்தை பில் மன்றோ ஃபுளோரிடா முடிதிருத்தகம் ஒன்றில் கண்டு வாங்கிய 1923 எஃப்-5-ஐ அரைநூற்றாண்டு வாசித்தார். ஆலைக்குப் பழுதுபார்க்க அனுப்பியது திரும்பி வந்த விதத்தில் கோபம் வந்து, தலைப்பகுதியில் பதித்திருந்த 'கிப்சன்' பெயரையே தோண்டி எடுத்தார். சேகரிப்பவருக்கு நெஞ்சு பதறும். அவருக்கோ அது தன் கைக்கருவி.

மறுபூச்சை மறைத்து அசல் என்று விற்பதுதான் தப்பு. இப்போது சிலர் மறுபூச்சையும் உரித்து, 'அசல் மாதிரி' ஆக்கித் தரச் சொல்கிறார்கள். நான் மறுத்துவிடுவேன். தந்திகளைப் பிடிக்கும் உலோகத் தகட்டின் அடியில் விரல்நுனி அளவுக்குப் பழைய கிரிமோனா சாயம் சில சமயம் தப்பிப் பிழைத்திருக்கும். இன்னொரு முறை உரித்தால் அதுவும் போய்விடும்.