இரண்டு வாசல் வீடு

ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தால் சௌகரியம் யாருக்கு? வீட்டுக்காரருக்கு. தொந்தரவு யாருக்கு? தபால்காரருக்கு. இந்தச் சின்ன விஷயந்தான் இன்டர்நெட்டை நடத்துகிறவர்களை முப்பது வருஷத்துக்கு மேலாகப் படுத்தி வருகிறது என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, மனிதர் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். விசாரித்துப் பார்த்தேன், நிஜந்தான்.

1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இன்டர்நெட் நிபுணர்கள் கூடியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த யாக்கோவ் ரெக்டரும், சிஸ்கோ கம்பெனியைச் சேர்ந்த கிர்க் லாஹீடும், கை துடைக்கும் காகிதத்தில் ஒரு திட்டத்தைக் கிறுக்கினார்கள். 'பார்டர் கேட்வே புரோட்டோகால்' பிறந்த கதை இதுதான். உலகத்தின் கடிதமும் கடைக்கணக்கும் இன்றும் அதை நம்பித்தான் போய் வருகின்றன!

திட்டம் எளிது. "இன்ன விலாச எண்கள் என்னிடம் இருக்கின்றன, என் வழியாக வாருங்கள்" என்று ஒவ்வொரு வலையும் பக்கத்து வலைக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். பெரிய ரவுட்டர்கள் இந்தச் சேதிகளை ஒரு ஜாபிதாவில் எழுதி வைத்துக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் விலாச எண்களை மூன்றே அளவில் கொடுத்தார்கள். பெரிய மூட்டையில் 1 கோடியே 67 லட்சம் எண்கள், நடு மூட்டையில் 65,536, சின்னதில் 256. எட்டு முழ வேஷ்டி கேட்டவனிடம் கைக்குட்டையை நீட்டுவது, இல்லாவிட்டால் கடையிலுள்ள துணியையெல்லாம் தூக்கிக் கொடுப்பது என்ற கதைதான்! நடு மூட்டைகள் வேகமாகக் கரைந்தன. கைக்குட்டைகளைக் கொத்தாகக் கொடுத்தாலோ, ஒவ்வொன்றுக்கும் ஜாபிதாவில் ஒரு வரி. 1993-ல் 'சைடர்' என்ற ஏற்பாடு வந்தது. வேண்டிய அளவுக்கு நறுக்கிக் கொடுக்கலாம். இணைப்புக் கம்பெனி பெரிய துண்டாக வாங்கித் தன் வாடிக்கைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்; வெளியுலகத்துக்குத் தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே வரி போதும். அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள்.

அங்கேதான் வந்தார், இரண்டு வாசல்காரர். ஒரு கம்பெனியின் கம்பி அறுந்தால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்குகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருடைய எண்கள் முதல் தெருவைச் சேர்ந்தவை. இரண்டாவது தெருக்காரர் அவற்றைத் தனியாகக் கூவ வேண்டும். ரவுட்டருக்கோ ஒரு சட்டம் உண்டு: பொதுவாகச் சொன்னதைவிடக் குறிப்பாகச் சொன்னதையே நம்ப வேண்டும். ஆகவே எல்லாப் போக்குவரத்தும் இரண்டாவது வாசலுக்கே திரும்பிவிடும். அதைத் தடுக்க முதல் தெருக்காரரும் தனியாகக் கூவுவார். ஜாபிதாவில் ஒரு வரி கூடிவிட்டது. உலகத்திலுள்ள பெரிய ரவுட்டர்கள் எல்லாவற்றிலும்! இவர் இரண்டு கம்பெனிகளுக்குப் பணம் கட்டுகிறார். மற்றவர்களுடைய ரவுட்டரில் அந்த வரி பிடிக்கும் இடத்துக்கு ஒரு தம்படி கூடக் கொடுப்பதில்லை. 256 எண்களுக்குக் குறைந்த துண்டை ஏற்பதில்லை என்று பெரும்பாலோர் வழக்கம் வைத்துக்கொண்டதுதான் கண்ட பலன்.

2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் இதற்கென்றே கூடினார்கள். அங்கே சொல்லப்பட்ட மூல வியாதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது: ஒரே எண், 'நீ யார்?' என்பதற்கும் பதில், 'நீ எங்கே இருக்கிறாய்?' என்பதற்கும் பதில். வீடு மாறினால் பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் எந்த மனிதன் சம்மதிப்பான்? இரண்டையும் பிரிக்கத் திட்டங்கள் தீட்டினார்கள். 2013-ல் 'லிஸ்ப்' என்ற ஒன்று அச்சிலும் வந்தது. ஊர் முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை.

2014 ஆகஸ்ட் 12-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் ஜாபிதாவுக்கு 5,24,288 வரிகளுக்குத்தான் இடம். உற்பத்தியாளர் மே மாதமே எச்சரித்திருந்தார். யார் கேட்டார்கள்? அன்று ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி, தெருவாகச் சொல்ல வேண்டியதைத் தவறுதலாகச் சுமார் 15,000 துண்டுகளாகக் கூவிவிட்டது. சில நிமிஷங்களில் வாபஸ் வாங்கியும், பல இடங்களில் இன்டர்நெட் தள்ளாடியது.

பரிகாரம் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ரவுட்டர்களிலேயே, புதுத் தலைமுறை விலாசங்களுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் ஒரு பாகத்தைப் பிடுங்கிப் பழையவற்றுக்குக் கொடுத்தார்கள். பேரனுடைய பங்கில் தாத்தாவுக்குச் சாப்பாடு! பலர் அப்படி வைத்த புதிய எல்லை 7,86,432. 2019-ல் ஜாபிதா அதையும் எட்டியது. இந்தத் தடவை ஆட்கள் விழித்திருந்ததால் பெரிய சேதம் இல்லை. இப்போது அது பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது.