கிழமை யாருக்கு? கிறித்துவ வழிபாட்டு நாள் வழக்கும் நாட்பெயர்களும்

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நான்கு மொழிகளில் கிழமைப் பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு அது பழகிப்போன காட்சி. எனினும் திங்கட்கிழமைக்குரிய கட்டத்தைச் சற்று நின்று நோக்கினால் ஒரு முரண் புலப்படும். மலாய்மொழி அந்நாளை ‘இஸ்னின்’ என்கிறது. அதற்கு மூலமான அரபுச் சொல் ‘இரண்டு’ எனப் பொருள்படும். சீன மொழியோ அதே நாளை ‘ஒன்று’ என எண்ணுகிறது. பேச்சு வழக்கில் அந்நாள் ‘லீபாய் ஈ’, அதாவது ‘வழிபாடு ஒன்று’. ஒருவருக்கு இரண்டாம் நாளாக இருப்பது அடுத்த வீட்டாருக்கு முதல் நாளாகிறது.

இந்த முரண் நம் ஆர்வத்தைத் தூண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நாம் கற்பித்த கல்லூரியில் மாணவி ஒருவர் சனிக்கிழமைத் தேர்வை எழுத இயலாது என்றார். தம் திருச்சபைக்கு அது ஓய்வுநாள் என்று விளக்கினார். “கிறித்துவர்களுக்கு ஞாயிறுதானே?” என்று கேட்டு, நாம் அதனைச் சாக்கு என்றே எண்ணினோம். அவர் தேர்வுக்கு வரவில்லை. அப்பாடத்தை மறு ஆண்டு மீண்டும் படித்தார். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த நாம், அவருடைய கோரிக்கைக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு வழக்கு ஒன்று நிற்பதை அப்போது அறிந்திருக்கவில்லை. அந்த அறியாமைக்குக் கழுவாயாக நாம் பின்னர்த் தேடிக் கற்றவற்றின் சுருக்கமே இவ்வுரை.

தமிழ்ச் சொல்லிலிருந்தே தொடங்குவோம். ‘கிழமை’ என்பதன் முதற்பொருள் உரிமை. ஆறாம் வேற்றுமையின் பொருளைக் ‘கிழமைப் பொருள்’ என்று குறிப்பதும், அதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பகுப்பதும் நம் இலக்கண மரபு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள். சனிக்கிழமை என்றால் சனிக்கு உரிய நாள். நாளை உரிமையாக நோக்கும் இப்பார்வை நம் பொருளுக்கு நேரே பொருந்துகிறது. எந்த நாளில் வழிபடுவது என்று கிறித்துவர்கள் வழக்காடியபோது, அந்நாள் யாருக்கு உரியது என்பதே வழக்கின் உட்பொருளாக இருந்தது.

எபிரேய மரபில் கிழமைகளுக்குக் கோள்களின் பெயர் இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என எண்ணிக்கொண்டு சென்று, ஏழாம் நாளுக்கு மட்டும் ‘சப்பாத்’ என்று பெயரிட்டனர். ‘நிறுத்துதல், ஓய்தல்’ என்னும் பொருளுடைய வேரோடு தொடர்புடையது அச்சொல். தமிழ் விவிலியத்தின் ‘ஓய்வுநாள்’ அப்பொருளைச் செம்மையாகத் தருகிறது. ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் இரண்டு காரணங்களோடு வருவது கருதத்தக்கது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் படைப்பை முடித்து இறைவன் ஓய்ந்ததைக் காரணமாகக் கூறுகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரமோ எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவூட்டி, பணியாளரும் ஓய வேண்டும் என்கிறது. ஆகவே அந்நாள் இறைவனுக்கு உரியது, உழைப்பவருக்கும் உரியது.

இயேசுவின் முதற் சீடர்கள் யூதர்கள். அவர்கள் ஏழாம் நாளில் தொழுகைக்கூடம் சென்றவர்கள். ஆயின் இயேசு உயிர்த்தெழுந்த நாளாக நற்செய்தி நூல்கள் குறிப்பது வாரத்தின் முதல் நாளை. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில், முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடியிருந்த குழுவைக் காண்கிறோம். யூத வழக்கில் நாள் மாலையில் தொடங்கும். உரோமர் வழக்கில் நள்ளிரவில் தொடங்கும். எனவே அக்கூட்டம் நடந்தது நம் கணக்கில் சனி இரவா, ஞாயிறு இரவா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். பவுலோ ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், ஒரு நாளைச் சிறப்பாகக் கருதுவோரும் எல்லா நாளையும் ஒன்றாகக் கருதுவோரும் ஒருவரையொருவர் இகழலாகாது என்று அறிவுறுத்துகிறார். வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த அறிவுரையே சான்று.

முதல் நாளுக்குக் கிறித்துவர்கள் ஒரு புதுப் பெயர் சூட்டினர். கிரேக்கத்தில் அது ‘குரியக்கே’. ‘ஆண்டவருக்கு உரிய’ என்பது அதன் பொருள்; நம் கிழமைப் பொருளை அப்படியே தாங்கிய பெயரடை. திருவெளிப்பாட்டு நூலின் முதல் அதிகாரத்தில் அச்சொல் நாளோடு சேர்ந்து வருகிறது. இதே பெயரடை அக்கால ஆட்சி வழக்கில் ‘பேரரசருக்கு உரிய’ என்னும் பொருளிலும் வழங்கிற்று. அரசுக் கருவூலத்தைக் குறிக்கவும் அது பயன்பட்டது. அரசருக்கு உரிய சொல்லால் தம் ஆண்டவரின் நாளைக் குறித்தது ஒரு துணிவே.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமில் வாழ்ந்த ஜஸ்டின், பேரரசருக்கு எழுதிய விளக்கவுரையில், ‘ஞாயிற்றின் நாள்’ எனப்படும் நாளில் கிறித்துவர்கள் கூடி மறைநூல் வாசித்து அப்பம் பகிர்வதைக் குறிப்பிடுகிறார். அவரே வேறொரு நூலில், ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் யூதக் கிறித்துவர்களைப் பற்றியும் பேசுகிறார். பிறர்மீது அதனைத் திணிக்காதவரை அவர்களை உடன்பிறப்புகளாக ஏற்கலாம் என்பது அவர் கருத்து. அவ்வாறு ஏற்க மறுத்தோரும் இருந்தனர் என்பதை அவர் மறைக்கவில்லை.

மாற்றம் எதனால் நேர்ந்தது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. யூதரிடமிருந்து தம்மைப் பிரித்துக்காட்டும் தேவை உரோமில் எழுந்ததே காரணம் என்று சாமுவேலே பாக்கியோக்கி 1977இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார். சனியை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வெண்டிஸ்ட் சபையைச் சேர்ந்த அவர், அவ்வாய்வை நிகழ்த்தியது உரோமில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில். ஞாயிறு வழிபாடு அதற்கும் முந்தியது என்று காட்ட முயன்ற கட்டுரைத் தொகுப்பு 1982இல் டி. ஏ. கார்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது.

321ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் பிறப்பித்தார். ஞாயிற்றின் நாளில் நீதிபதிகளும் நகரத்தாரும் கைவினைஞரும் ஓய வேண்டும். உழவர் மட்டும் பருவம் தவறாதிருக்க வேலை செய்யலாம். சட்டத்தில் கிறித்துவின் பெயர் இல்லை. ஞாயிற்றின் பெயரே உண்டு. அதுவரை வழிபாட்டு நாளாக மட்டும் இருந்த ஞாயிறு, அரசாணையால் ஓய்வு நாளாகவும் ஆயிற்று. ‘குரியக்கே’ என்னும் சொல்லின் இரு பொருளும் அன்று ஒரே நாளில் வந்து கூடின என்று சொன்னால் மிகையாகாது.

நான்காம் நூற்றாண்டில் சிற்றாசியாவின் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், ஏழாம் நாளில் கிறித்துவர் யூதரைப் போல் ஓயாமல் வேலை செய்ய வேண்டும் என்று விதித்தது. ஆனால் அதே சங்கத்தின் மற்றொரு விதி, ஏழாம் நாளில் நற்செய்தி வாசிக்கப்பட வேண்டும் என்கிறது. மக்கள் ஓயாதிருந்தால் தடை தேவையில்லை. கூடாதிருந்தால் வாசிப்பு முறை தேவையில்லை. ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ், உரோமும் அலெக்சாந்திரியாவும் நீங்கலாக ஏறக்குறைய எல்லாச் சபைகளும் வாரந்தோறும் ஏழாம் நாளிலும் நற்கருணை கொண்டாடின என்று பதிவு செய்கிறார். உரோமில் சனியன்று நோன்பு இருந்தனர். மிலானில் அவ்வழக்கம் இல்லை. தம் தாய் எதனைப் பின்பற்றுவது என்று அகுஸ்தீன் வினவ, தாம் உரோமில் இருக்கும்போது நோன்பிருப்பதாகவும் மிலானில் இருப்பதில்லை என்றும் ஆயர் அம்புரோசு விடையளித்தார்.

எல்லா இடத்திலும் வழக்கு இவ்வளவு மென்மையாக முடியவில்லை. எத்தியோப்பியத் திருச்சபைக்குத் தலைமை ஆயர் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து அனுப்பப்படுவது மரபு. அலெக்சாந்திரியா ஞாயிறு ஒன்றையே ஏற்றது. ஆனால் பதினான்காம் நூற்றாண்டில் எவொஸ்தாதெவொஸ் என்னும் துறவி, சனி, ஞாயிறு இரண்டும் ஓய்வுநாட்களே என்று போதித்தார். எதிர்ப்பு மிகவே, சீடர்களோடு நாடு நீங்கி, எகிப்து, எருசலேம் வழியாகச் சென்று, 1352இல் அர்மீனியாவில் மறைந்தார். நாடு திரும்பிய சீடர்கள் சபையிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களுக்குக் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. ஒதுக்குப்புறங்களில் மடங்கள் அமைத்துத் தம் வழக்கத்தை அவர்கள் விடாது காத்தனர். 1404இல் மன்னர் தாவித் அவர்கள் ஏழாம் நாளைக் கடைப்பிடிக்க இசைவளித்தார். 1450இல் மன்னர் ஸரா யாக்கோபு கூட்டிய டெப்ரெ மிட்மாக் சங்கத்தில், எகிப்திலிருந்து வந்த ஆயர்களும் இசைய, இரு நாளும் புனிதமானவை என முடிவாயிற்று. ஒரு தலைமுறைக்கு முன் விலக்கப்பட்டவர்களின் கொள்கை திருச்சபையின் கொள்கையாயிற்று.

பின்னர் வந்த போர்த்துகீசியரும் ஏசு சபையினரும் இதனை யூத வழக்கம் எனக் குறைகூறினர். 1555இல் மன்னர் கலாவ்தேவோஸ் ஒரு விசுவாச அறிக்கை எழுதி, தாம் அந்நாளை யூதரைப் போலன்றி நற்கருணையோடு கொண்டாடுவதாக மறுமொழி கூறினார். அடுத்த நூற்றாண்டில் கத்தோலிக்கத்தைத் தழுவிய மன்னர் சுசென்யோஸ் சனி ஓய்வைத் தடைசெய்தபோது கலகங்கள் மூண்டு பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. 1632இல் அவர் பழைய நெறியை மீட்டளித்து மகனிடம் ஆட்சியை ஒப்படைத்தார். இன்றும் அம்ஹாரிக் மொழியில் சனிக்கிழமையின் பெயர் ‘கிடாமே’. ‘முந்தியது’ என்னும் பொருளுடைய அச்சொல் ‘முந்திய ஓய்வுநாள்’ என்னும் தொடரின் எச்சம். ‘முந்தியது’ என்ற அளவிலேயே பிந்தியதொன்றும் உண்டு என்பது பெறப்படும். டெப்ரெ மிட்மாக்கின் தீர்ப்பு அந்த ஒரு சொல்லில் வாழ்கிறது.

ஐரோப்பாவிலும் இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் ஓய்வுநாள் கட்டளையை ஞாயிற்றின்மேல் ஏற்றி, ஞாயிற்றையே ‘சாபத்து’ என்று அழைத்தனர். கட்டளை ஏழாம் நாளைத்தானே குறிக்கிறது என்று கேட்டவர்கள் தண்டிக்கப்பட்டனர். அவ்வாறு போதித்த ஜான் டிராஸ்க் 1618இல் சிறைப்பட்டார். அதே கேள்வியிலிருந்து ஏழாம் நாள் பாப்டிஸ்டுகள் தோன்றினர். அவர்கள் வழியாக அக்கொள்கை அமெரிக்காவின் அட்வெண்டிஸ்டுகளை எட்டியது. 1863இல் முறையாக அமைந்த அவர்தம் சபைக்கு நம் இரு நாடுகளிலும் ஆலயங்கள் உள்ளன.

இனி நாட்காட்டிக்குத் திரும்புவோம். இத்தாலியரின் ‘சாபத்தோ’, உருசியரின் ‘சுபோத்தா’, மலாயின் ‘சப்து’ யாவும் சப்பாத்தின் வழிவந்தவை. ஞாயிற்றை ஓய்வுநாளாகக் கொண்ட நாடுகளும் சனிக்கு அப்பழைய பெயரை நீக்கவில்லை. உருசியர் ஞாயிற்றை ‘உயிர்ப்பு’ என்கின்றனர். போர்த்துகீசியரின் ‘டொமிங்கோ’ ‘ஆண்டவருக்கு உரியது’ எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லிலிருந்து பிறந்தது. அது மலாயில் ‘மிங்கு’ ஆகி, ‘முதல்’ எனப் பொருள்தரும் ‘அஹாட்’ என்பதோடு அருகருகே வழங்குகிறது. ‘இஸ்னின்’ எனும்போது ஞாயிறு முதல் நாள். ‘லீபாய் ஈ’ எனும்போது அது வாரத்தை முடித்துவைக்கும் வழிபாட்டு நாள். சங்கங்கள் தீர்ப்பளித்த பின்னும் மொழிகள் இரு தரப்பாரின் சொல்லையும் காத்து வைத்திருக்கின்றன.

வார ஓய்வு எந்நாள் என்பது நமக்கும் புதிய கேள்வியன்று. ஜொகூர் மாநிலம் 2014இல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025இல் மீண்டும் சனி, ஞாயிற்றுக்குத் திரும்பியதை நாம் கண்டோம். தன் வழிபாட்டு நாளும் அரசின் விடுமுறை நாளும் ஒன்றாக அமைந்தவருக்கு அது இயற்கையின் ஏற்பாடாகவே தோன்றும். அது ஏற்பாடுதான் என்பதை உணர்பவர், இரண்டும் ஒன்றாக அமையாதவரே. அன்று அந்த மாணவி நம்மிடம் கேட்டது சலுகையன்று. ஒரு நாளின் கிழமையை. வேறொரு நாளில் தேர்வு வைக்க நமக்கு ஒரு காலைப்பொழுதே செலவாகியிருக்கும். அவருக்கோ ஓராண்டு செலவாயிற்று.