25 கிலோமீட்டர் ஊகம்

பெட்ரோல் எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் ஒரே வண்டியில் பூட்டி, இரண்டின் குணங்களையும் பெற்று இரண்டின் தோஷங்களையும் தவிர்த்துவிடலாம் என்னும் ஆசை, ஏறக்குறைய மோட்டார் வண்டியோடு கூடப் பிறந்தது. வியன்னாவில் லோனர் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளைஞரான பெர்டினாண்ட் போர்ஷே, 1900-ஆம் ஆண்டிலேயே சக்கரங்களின் குடத்துக்குள் மோட்டார்களை அமைத்து, அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை எஞ்சின்களைக் கொண்டு உற்பத்தி செய்யும் வண்டியொன்றை உருவாக்கினார். சிகாகோவின் உட்ஸ் கம்பெனியார் 1916-இல் வெளியிட்ட ‘டூயல் பவர்’ வண்டி, நிதானமாகச் செல்லுகையில் மோட்டாராலும் வேகம் மிகுந்தபின் எஞ்சினாலும் ஓடியது. ஆயினும், ஃபோர்டு கார் 400 டாலருக்கும் குறைவாகக் கிடைத்த நாளில் 2,600 டாலருக்கு மேல் கொடுத்து இதை வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்? நாவலாசிரியர் ஹெர்மன் வோக்கின் சகோதரரான விக்டர் வோக், பியூக் கார் ஒன்றை ஹைபிரிடாக மாற்றி 1974-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அதிகாரிகளின் பரிசோதனைக்கு அனுப்பிய வரலாறும் உண்டு. ஆதரவு கிட்டாமல் அம்முயற்சி முடங்கிப்போயிற்று. இவற்றை விரித்துரைப்பது என் உத்தேசமன்று. சுவரிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் பிளக்-இன் ஹைபிரிட் கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்னும் எளிய வினாவுக்கு அரசாங்கங்கள் எழுதிவைத்த விடையும், அவ்விடை பட்ட பாடுமே இங்கு விஷயம்.

காரின் மைலேஜை அரசாங்கம் அளக்கத் தொடங்கியது எரிபொருளின்மேல் கொண்ட கவலையால் அன்று, புகையின்மேல் கொண்ட கவலையால். லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் காலை வேளையில் ஒரு வண்டி எவ்வாறு நின்று நின்று நகர்கிறதோ அதை விநாடிவாரியாகப் பதிந்து, 1,372 விநாடிகள் கொண்ட ஒரு முறையாக்கி, காரை உருளைகளின்மீது நிறுத்தி அதே ஏற்ற இறக்கங்களோடு ஓட்டுவார்கள். வெளிவரும் புகையைப் பைகளில் பிடித்து, அதில் அடங்கிய கரியின் அளவைக் கொண்டு எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். காற்றும் மேடும் மழையும் இல்லாத அறையில் கிடைக்கும் இந்த எண் யதார்த்தத்தைவிடச் சற்று அழகாகவே இருக்கும் என்பதை அதிகாரிகள் விரைவில் உணர்ந்தார்கள். ஆகவே அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, நகர ஓட்டத்தின் எண்ணில் நூற்றுக்குப் பத்தும் நெடுஞ்சாலை எண்ணில் இருபத்திரண்டும் கழித்தே வெளியிட்டார்கள். எது எப்படியாயினும், பெட்ரோல் கார் ஒன்றின் எண் அந்தக் காரைப் பற்றிய எண்ணாக இருந்தது.

பிளக்-இன் ஹைபிரிட் வந்ததும் அந்த நிலை மாறியது. இராத்திரி சொந்தக்காரர் கேபிளைச் செருகினாரா இல்லையா என்பதை உருளைகளால் அளக்க இயலாது. ஆகவே ஐரோப்பியர் தங்கள் விதியில் ஓர் ஊகத்தைச் செய்துகொண்டார்கள்: நிறைந்த பாட்டரியோடு புறப்படுபவர் அது தீரும்வரை மின்சாரத்தில் ஓடுவார், தீர்ந்தபின் பெட்ரோலில் 25 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் சார்ஜ் செய்துவிடுவார். மிட்சுபிஷி கம்பெனியின் அவுட்லேண்டர் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மின்சார ஓட்டம், பரிசோதனைச் சாலையின் கணக்கில், 52 கிலோமீட்டர். பாட்டரி தீர்ந்தபின் 100 கிலோமீட்டருக்கு 5.8 லிட்டர் பெட்ரோல். விதிப்படி மொத்தப் பிரயாணம் 77 கிலோமீட்டர். அதில் பெட்ரோல் எரிவது கடைசி 25 கிலோமீட்டருக்கு மட்டுமே, அதாவது ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இதை 77 கிலோமீட்டருக்கும் பங்கிட்டால் 100 கிலோமீட்டருக்கு 1.9 லிட்டர், அதாவது லிட்டருக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல்! இரண்டு டன்னை நெருங்கும் ஒரு வண்டிக்கு ஸ்கூட்டரின் மைலேஜ். கணக்கில் பிழை ஒன்றுமில்லை. ஊகம் மெய்யாகும் நாளில் எண்ணும் மெய்யே.

அமெரிக்காவிலும் இத்தகைய மயக்கம் ஒரு முறை தலைகாட்டியது. செவ்ரலே வோல்ட் கார் விற்பனைக்கு வருவதற்கு ஓராண்டுக்கு மேல் இருக்கையில், 2009 ஆகஸ்டு மாதம், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், முடிவாகாத ஒரு வரைவு முறையைப் பிரமாணமாகக் கொண்டு, நகரத்தில் காலனுக்கு 230 மைல் என்று பிரகடனம் செய்தார்கள். நிஸ்ஸான் கம்பெனியார் அதே முறைப்படி தங்கள் லீஃப் காருக்கு 367 மைல் வருகிறது என்று உடனே பதிலளித்தார்கள். பெட்ரோல் தொட்டியே இல்லாத வண்டிக்கு இப்படி ஓர் எண் வருமானால் அந்த முறையின் யோக்கியதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2010-இல் வண்டியில் ஒட்டப்பட்ட சீட்டில் மின்சாரத்தில் ஓடுகையில் காலனுக்குச் சமானமாக 93 மைல் என்றும், பெட்ரோலில் ஓடுகையில் 37 மைல் என்றும், இரண்டும் கலந்து 60 மைல் என்றும் அச்சிட்டார்கள். மூன்று எண்களைக் காட்டி, உன் வழக்கம் எதுவோ அதற்குரியதை நீயே எடுத்துக்கொள் என்று வாங்குபவரிடம் விட்டுவிடும் இம்முறையே, என் அபிப்பிராயத்தில், நேர்மையானது.

ஐரோப்பாவிலோ அந்த ஒற்றை எண் வாங்குபவரின் கண்ணுக்காக மட்டும் இருக்கவில்லை. வரிச் சட்டத்துக்குள்ளும் புகுந்தது. நெதர்லாந்தில் கம்பெனி தரும் காரைச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவரின் வருமானத்தோடு, காரின் விலையில் ஒரு பங்கைச் சேர்த்து வரி விதிப்பார்கள். அந்தப் பங்கு அப்போது சாதாரணமாக நூற்றுக்கு 25. கிலோமீட்டருக்கு 50 கிராமுக்கு மேற்படாமல் கரியமில வாயுவை விடும் கார்களுக்கு, 2013 முடிவுக்குள் பதிவு செய்தால், ஐந்தாண்டுகளுக்கு அப்பங்கு பூஜ்யம். அவுட்லேண்டரின் எண் 44 கிராம். அடுத்த ஜனவரியில் இப்பங்கு நூற்றுக்கு ஏழாக உயரப்போகிறது என்ற நிலையில், அந்த ஆண்டின் கடைசி வாரங்களில் அவ்வண்டி நெதர்லாந்தின் விற்பனைப் பட்டியலில் உச்சிக்கு ஏறியதில் ஆச்சரியம் என்ன? ஜப்பானிலிருந்து கப்பல் வருவதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களின் சிரத்தை மின்சாரத்தின்மேல் இருந்ததா வரியின்மேல் இருந்ததா என்று ஆராய வேண்டுவதில்லை.

இதில் உள்ள விபரீதம் சற்று நிதானித்துப் பார்த்தால் விளங்கும். கம்பெனி காரை ஓட்டுபவரிடம் பெரும்பாலும் கம்பெனியே கொடுத்த பெட்ரோல் கார்டு ஒன்று இருக்கும்; எத்தனை லிட்டர் நிரப்பினாலும் அவர் பையிலிருந்து ஒரு காசு போகாது. வீட்டில் கேபிளைச் செருகினாலோ, பல இடங்களில் அந்த மின்சாரக் கட்டணம் அவர் தலையில் விழும். மேலும் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கே கம்பெனிகள் கார் கொடுக்கின்றன. ஊகத்துக்கு நேர் விரோதமாக நடந்துகொள்வதற்கு இதைவிடத் தூண்டுதல் வேண்டுமா? பிரிட்டனில் மைல்ஸ் கன்சல்டன்சி என்னும் ஸ்தாபனம் 1,500 கம்பெனி வண்டிகளின் கணக்கைப் பார்த்தபோது, காலனுக்கு ஏறக்குறைய 130 மைல் என்று விளம்பரமான வண்டிகள் சராசரி 40 மைலே கொடுத்தன என்பது தெரியவந்தது. சில வண்டிகளில், சார்ஜ் செய்யும் கேபிள் டிக்கியில் உறை பிரிக்கப்படாமலே கிடந்ததாகவும் சொன்னார்கள். 2018-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இவ்வகைக் கார்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்திவிட்டது.

வண்டியைக் குறை சொல்வது நியாயமாகாது. நாள்தோறும் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, இரவில் தவறாமல் சார்ஜ் செய்து, தன் பணத்தில் பெட்ரோல் போடும் ஒருவருக்கு, மாதக்கணக்கில் பங்க் பக்கமே போகாதபடி அது உழைக்கும். அதே வண்டி, சார்ஜ் காணாத பாட்டரியைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் ஓடுமானால், அந்தப் பாரத்தையும் பெட்ரோலே இழுக்க வேண்டும். ஐ.சி.சி.டி. என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனமும் ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிலையமும் ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டிகளின் அனுபவத்தைத் திரட்டி 2020-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேற்றுமையை எண்ணாகக் காட்டியது: சொந்தக் கார் வைத்திருப்போர் ஓடிய தூரத்தில் நூற்றுக்கு 37 பங்கு மின்சாரத்தால் நடந்தது, கம்பெனி கார்களிலோ 20 பங்குதான்.

இதற்குள் 25 கிலோமீட்டர் ஊகத்தின் காலம் முடிந்து, 2017 முதல் புதிய பரிசோதனை முறை நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனால் அதுவும், ஒருவர் எவ்வளவு தூரம் மின்சாரத்தில் ஓடுவார் என்பதற்கு ஒரு தாராளமான வளைகோட்டைக் கையாண்டது. 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரும் தான் குடித்த எரிபொருளைத் தானே எழுதிவைக்க வேண்டும் என்று விதியாயிற்று. அக்கணக்குகளைச் சேகரித்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, பிளக்-இன் ஹைபிரிட் வண்டிகள் சாலையில் விடும் கரியமில வாயு, சான்றிதழில் கண்டதைப்போல் மூன்றரை மடங்கு என்று கூறிற்று. பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கின் சுற்றுவட்டத்திலேயே நின்றது.

இப்பொழுது வளைகோட்டைத் திருத்துகிறார்கள். அதை நிர்ணயிக்கும் 800 கிலோமீட்டர் என்ற தூர அளவு, 2025 முதற்கொண்டு படிப்படியாக 2,200 ஆகவும், 2027 முதற்கொண்டு 4,260 ஆகவும் நீளுகிறது. அது நீள நீளக் கணக்கில் மின்சாரத்தின் பங்கு குறையும். பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 வகைப் பிளக்-இன் வண்டியொன்றின் எண், ஒரு திருகாணியும் மாறாமலே, 45 கிராமிலிருந்து 96-க்கும் பிறகு 122-க்கும் ஏறும் என்று ஐ.சி.சி.டி. கணக்கிட்டிருக்கிறது. ஜெர்மன் மோட்டார் முதலாளிகள் இரண்டாவது படியை நிறுத்திவைக்கும்படி பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளிடம் மன்றாடி வருகிறார்கள்.