மார்ஃபினுக்குப் பயந்த கதை
மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல அரசு உரிமத்தோட அபினி விளையுது மக்களே. அதுலருந்துதான் மார்ஃபின். ஆனா நம்ம புற்றுநோயாளிகளுக்கே அது பல வருஷம் கிடைக்கல. ஏன்?

1985ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. குறி கடத்தல்காரங்க. ஆனா ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கவும் பல உரிமங்கள் தேவைப்பட்டன. கணக்குல தப்பு வந்தா ஜெயில்னு பயம். பலரும் வாங்குறதையே விட்டுட்டாங்க. 1997க்குள்ள மருத்துவப் பயன்பாடு 90%க்கு மேல சரிஞ்சது.

மார்ஃபின் மூளை, தண்டுவடத்துல உள்ள ஓபியாய்டு ஏற்பிகள்ல ஒட்டி வலியை அடக்கும். அளவு மீறினா மூச்சையும் அடக்கும். அதனால எச்சரிக்கை அவசியம். ஆனா கடும் வலிக்கு டாக்டர் கண்காணிப்புல கொடுத்தா, புற்றுநோயாளி அதுக்கு அடிமையாவது அபூர்வம்.

2014ல சட்டத்தைத் திருத்தி உரிம முறையை எளிமையாக்கினாங்க. சட்டம் மாறிடுச்சு. "மார்ஃபினா? வேண்டாம் டாக்டர்"ங்கற பயம் இன்னும் மாறல. அந்தப் பயத்துக்கு விலை, நோயாளியோட ராத்திரித் தூக்கம்.